‘நாளை தண்ணீர் வராது’: அந்த இரண்டு வரிக்குப் பின்னால்

"பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை குடிநீர் விநியோகம் இருக்காது. பொதுமக்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." சின்ன நகரம் ஒன்றில் நகராட்சிச் செய்தி என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். கூடவே ஒரு சாலை மூடல், குப்பை வண்டி நேரத்தில் மாற்றம், மன்றக் கூட்டத்தின் தேதி, கட்டண உயர்வு பற்றிய கருத்துக் கேட்பு. படித்துவிட்டு இரண்டு வாளி கூடுதலாகப் பிடித்து வைப்போம், மறந்துவிடுவோம்.

நாட்டு அரசியலை மணிக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட இந்தச் செய்திகளைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எழுதும் விதம் அப்படி. இத்தனைக்கும் நம் வீட்டுக் குழாய்க்குள்ளும் வாசலுக்கும் நேராக வந்து சேர்வது இந்தச் செய்திகள்தான். ஒரே ஒரு சிக்கல்: அறிவிப்பு கைக்கு வரும்போது அதற்குரிய முடிவு பெரும்பாலும் எடுத்து முடிந்திருக்கும். கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் கையில் கொடுத்தால் எப்படியோ, அப்படித்தான் நாம் நகராட்சிச் செய்தியைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கலாம். மாலை 4 மணிக்கு வால்வைத் திறந்ததும் குழாயில் பழுப்பாகக் கொஞ்ச நேரம் வருகிறதே, அது ஏன்? பழைய இரும்புக் குழாய்களின் உள்சுவரில் துருவும் மாங்கனீசுப் படிவும் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். தண்ணீர் வழக்கமான வேகத்தில், வழக்கமான திசையில் ஓடும்வரை அந்தப் படிவு அசையாது. காலியான குழாயில் தண்ணீர் மறுபடி பாயும்போது வேகம் மாறுகிறது, சில இடங்களில் திசையே மாறுகிறது. படிவு பெயர்ந்து வருகிறது. அதனால்தான் முதலில் சாதாரணக் குழாயைத் திறந்து தெளியும்வரை ஓடவிடச் சொல்கிறார்கள். சூடாக்கி வழியாகத் திறந்தால் அந்தக் கசடு சூடாக்கியின் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைத் துணியை அன்றைக்குத் துவைக்காமல் இருப்பது நல்லது.

நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, எனவே புகார் வருகிறது. கண்ணுக்குத் தெரியாதது அழுத்தம். எந்த ஊர்க் குழாயிலும் எங்காவது கசிவு இருக்கும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே கசியும், நட்டம் நகராட்சிக்கு மட்டும். அழுத்தம் விழுந்தால் அதே விரிசல் எதிர்த்திசையில் வேலை செய்யும். சுற்றியிருக்கும் மண்ணில் ஊறிய தண்ணீர், சில இடங்களில் பக்கத்துச் சாக்கடைக் குழாயின் கசிவு, உள்ளே உறிஞ்சப்படும். பெரிய குழாய் உடைந்த அன்று "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்ற அறிவிப்பு வருவதன் காரணம் இது. தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேலான மலைப் பகுதிகளில் மூன்று நிமிடம்.

சரி, உடைப்பை நேற்றே சரிசெய்துவிட்டார்களே, இன்னும் ஏன் கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள்? மாதிரித் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அதை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். வழக்கமான சோதனைக்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகும். பல இடங்களில் அடுத்தடுத்து இரண்டு மாதிரிகள் சுத்தமாக வந்தால்தான் அறிவிப்பைத் திரும்பப் பெறுவார்கள். ஆக இரண்டு நாள் போய்விடும். அதிகாரி அவசரப்பட்டாலும் பாக்டீரியா அவசரப்படாது.

இந்த ஓர் அறிவிப்பு நேரத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாக்கர்ட்டன் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 5,000 பேர்கூட இல்லாத ஊர். 2000 மே மாதம் இரண்டாவது வாரம் பலத்த மழை. பண்ணை நிலம் ஒன்றில் போட்டிருந்த மாட்டுச் சாணத்திலிருந்து ஈ.கோலை ஓ157 என்ற கொடிய வகைக் கிருமி, 5ஆம் எண் கிணற்றுக்குள் இறங்கியது. குளோரின் சரியான அளவில் இருந்திருந்தால் கிருமி செத்திருக்கும். ஊர்க் குடிநீர் அமைப்பின் ஊழியர்கள் குளோரின் அளவை உண்மையில் அளப்பதே அபூர்வம். தினசரித் தாளில் 0.5 அல்லது 0.75 என்று எழுதி வைப்பது பல வருடப் பழக்கம். தாளை எடுத்துப் பார்த்தால் நாள் தவறாமல் ஒரே எண்கள். கிணற்று நீரின் தரம் மழைக்கும் வெயிலுக்கும் மாறும், குளோரினின் தேவையும் கூடவே மாறும். மாறாத எண் என்றாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். யாருக்கும் வரவில்லை.

மே 15 அன்று எடுத்த மாதிரிகளின் முடிவு 17ஆம் தேதி குடிநீர் அமைப்பின் மேலாளர் கைக்கு வந்துவிட்டது: தண்ணீரில் ஈ.கோலை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சோதித்தது தனியார் ஆய்வகம். 1996இல் மாகாண அரசு தன் ஆய்வகங்களில் ஊராட்சிகளுக்குச் செய்துவந்த தண்ணீர்ச் சோதனையை நிறுத்தியிருந்தது. தனியார் ஆய்வகங்கள் மோசமான முடிவைச் சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதுவும் போடவில்லை. 19ஆம் தேதி வேறு ஊரில் உள்ள ஒரு குழந்தை மருத்துவர், இரத்தப்போக்கோடு வந்த பிள்ளைகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டுச் சுகாதாரத் துறைக்குச் சொன்னார். துறை குடிநீர் அமைப்பைக் கேட்டது. தண்ணீரில் பிரச்சினை இல்லை என்று பதில் வந்தது. மறுநாளும் அதே பதில்.

21ஆம் தேதி பிற்பகலில், இனிக் காத்திருக்க முடியாது என்று சுகாதாரத் துறையே கொதிக்க வைக்கும் அறிவிப்பை வெளியிட்டது. உள்ளூர் வானொலியில் சொன்னார்கள். வீடு வீடாகத் துண்டுச்சீட்டு போகவில்லை. அன்றைக்கு ஊரில் சுமார் பாதிப் பேருக்குத்தான் விஷயம் தெரிந்தது என்று பின்னால் நடந்த நீதி விசாரணையில் தெரியவந்தது. மீதிப் பாதி அன்று இரவும் குழாய்த் தண்ணீரைத்தான் குடித்தது. மொத்தம் 7 பேர் இறந்தார்கள், 2,300க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். ஊரில் ஏறக்குறைய இரண்டில் ஒருவர் என்ற கணக்கு.

வாக்கர்ட்டனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பொய் எழுதிய அந்த ஊழியர்களைத்தான் சொல்வார்கள். குற்றம் அவர்களுடையதுதான், 2004இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனையும் பெற்றார்கள். எனக்கு அதைவிடவும் உறுத்துவது அந்தப் பாதி என்ற கணக்கு. அறிவிப்பு வெளியிட்டாயிற்று என்று கோப்பில் எழுதலாம். சென்று சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. நம் ஊர்களில் வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள், அந்தக் குழுவில் இல்லாத வீடுகள் எவை என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு நுணுக்கம்: கொதிக்க வைப்பது எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. "கொதிக்க வைத்துக் குடியுங்கள்", "குடிக்க வேண்டாம்", "எதற்குமே பயன்படுத்த வேண்டாம்" என்று அறிவிப்பில் மூன்று தரம் உண்டு. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்துக்கு வந்தது இரண்டாவது தரம். ஏரி நீரில் பாசி பெருகி அதன் நச்சு குடிநீரில் கலந்துவிட்டது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி நச்சு இன்னும் செறிவாகும் என்பதால் கொதிக்கவும் வைக்காதீர்கள் என்றார்கள். பழக்கத்தில் பாதி வரியைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தவருக்குக் கெடுதல்தான் மிஞ்சும். ஈயத்துக்கும் நைட்ரேட்டுக்கும் இதே கதை.

ஈயம் என்றதும் ஃபிளின்ட் நினைவுக்கு வரும். சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த அந்த அமெரிக்க நகரம், 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக டெட்ராய்ட் தண்ணீரை விட்டுவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கிருமி காரணமாகக் கொதிக்க வைக்கும் அறிவிப்புகள் வந்தன, திரும்பப் பெறப்பட்டன. அந்த அளவில் அவை உண்மையான அறிவிப்புகள்தாம். குழாயிலிருந்து கரைந்துகொண்டிருந்த ஈயத்தைப் பற்றி ஒரு வரி வரவில்லை. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், எந்திர பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லித் தன் ஆலைக்கு அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. ஊர்க்காரர்களுக்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு அப்போது கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரும்புக்கு ஆகாத தண்ணீர் பிள்ளைகளுக்கு ஆகுமா என்ற கேள்வி பல மாதம் பதிலில்லாமல் கிடந்தது.

2015 மார்ச்சில் ஃபிளின்ட் மன்றம், ஆற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று 7க்கு 1 என்ற கணக்கில் வாக்களித்தது. நடக்கவில்லை. நகரம் நிதி நெருக்கடியில் இருந்ததால் மாநில அரசு நியமித்த அதிகாரியிடம்தான் முழு அதிகாரமும் இருந்தது, அவர் மறுத்துவிட்டார். பழைய தண்ணீருக்குத் திரும்ப அக்டோபர் ஆயிற்று. ஆகவே "மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது" என்று செய்தி வந்தால் அடுத்து ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்த விஷயத்தில் மன்றத்தின் சொல் கடைசிச் சொல்லா? தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடிப் பேசுவார்கள், நிர்வாகம் ஆணையர் கையில் இருக்கும், பணம் மாநிலத்திடம் இருக்கும். மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் ஊர் குறைவு.

பணத்துக்கு வருவோம். நகராட்சிப் பணம் எப்போது கவனிப்பாரற்றுப் போகும் என்று கேட்டால், தலைப்பு எவ்வளவு சலிப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு என்பேன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சிறு நகரம், 40,000க்கும் குறைவான மக்கள், பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்கள். 2005 நவம்பரில் ஒரு சிறப்பு வாக்கெடுப்பு நடந்தது. நகரம் தனக்கென்று ஒரு சாசனம், அதாவது தன் நிர்வாக விதிகளைத் தானே வகுக்கும் ஆவணம், வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. உள்ளூர் சுயாட்சி என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது. மன்ற உறுப்பினர்களின் ஊதியத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு இதனால் போய்விடும் என்று வாக்குச்சீட்டில் எங்கும் இல்லை. வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு.

அப்புறம் என்ன, 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் செய்தியாளர்கள் ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது நகர நிர்வாகியின் ஆண்டுச் சம்பளம் 8 லட்சம் டாலரை நெருங்கியிருந்தது. பகுதி நேர மன்ற உறுப்பினர்கள் பலர் ஆளுக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் பெரும்பகுதி, சில நிமிடமே கூடிய அல்லது கூடவே செய்யாத வாரியங்களில் உட்கார்ந்ததற்கான படி. அந்தச் செய்தியாளர்கள் முதலில் விசாரிக்கப் போனது பெல் நகரத்தை இல்லை, பக்கத்திலிருந்த மேவுட் நகரத்தின் நிதிக் குழப்பத்தை. போகிற போக்கில்தான் இது சிக்கியது. நிர்வாகிக்கு 2014இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இத்தனை வருடமும் மன்றக் கூட்டங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன.

கூட்டம் திறந்திருந்தால் மட்டும் போதாது, என்ன பேசப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். கலிபோர்னியாவில் 1953இலிருந்து இருக்கும் திறந்த கூட்டச் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் பொருள் பட்டியலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும். இங்கிலாந்தில் முழுதாக 5 வேலைநாள். அங்கே மன்றக் கூட்டத்துக்குள் பத்திரிகையாளரும் மக்களும் வர உரிமை தந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர், அப்போது முதல்முறை உறுப்பினராகியிருந்த மார்கரெட் தாட்சர். நாடாளுமன்றத்தில் அவருடைய கன்னிப் பேச்சே இதைப் பற்றித்தான். இந்தியாவில் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, வரவுசெலவு, அதிகாரிகளின் பொறுப்பு, ஊதியம் போன்றவற்றை யாரும் கேட்காமலே அலுவலகங்கள் வெளியிட்டுவைக்க வேண்டும் என்கிறது. மனுப் போடுவதைப் பற்றி ஊரே பேசுகிறது, இந்த 4ஆவது பிரிவைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

பொருள் பட்டியலைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். சூடான விஷயம், சிலையோ பெயர் மாற்றமோ, அதற்குத்தான் கூட்டம் கூடும், குரல் உயரும். பல மன்றங்களில் இருபது முப்பது பொருள்களை ஒன்றாகக் கட்டி, விவாதமே இல்லாமல் ஒரே கையெழுப்பில் நிறைவேற்றும் ஒரு பகுதி இருக்கும். ஒப்பந்த நீட்டிப்பு, கருவி கொள்முதல், ஆலோசகர் நியமனம் எல்லாம் அதற்குள்தான். பெரும்பாலானவை உண்மையிலேயே சாதாரண விஷயங்கள். ஆனால் "மேற்படி பணிக்கான திருத்திய மதிப்பீட்டுக்கு ஒப்புதல்" என்ற வரியைக் கண்டால் நிறுத்திப் படிக்க வேண்டும். குறைந்த தொகைக்கு ஒப்பந்தப்புள்ளி எடுத்த வேலை பின்னால் எவ்வளவுக்கு வளர்ந்தது என்பது அந்த வரியில்தான் இருக்கும்.

கருத்துக் கேட்பு அறிவிப்பும் அப்படித்தான். கலிபோர்னியாவில் 1996 முதல் ஒரு விதி உண்டு: தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றுவதானால், கூட்டத்துக்கு 45 நாளுக்கு முன்பே பாதிக்கப்படும் உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் அஞ்சலில் அறிவிப்பு போக வேண்டும். அவர்களில் பாதிக்கு மேல் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தால் கட்டணத்தை ஏற்ற முடியாது. வலுவான உரிமைதான். ஆனால் வாய் திறக்காதவர்கள் எதிர்க்காதவர்களாகவே எண்ணப்படுவார்கள். அந்த உறையோ பார்க்க விளம்பரக் கடிதம் மாதிரி இருக்கும். பிரிக்காமலே குப்பைக்குப் போன ஒவ்வோர் உறையும் கட்டண உயர்வுக்கு ஒரு வாக்கு.

எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க முடியாது, அதற்குத்தான் உள்ளூர்ச் செய்தியாளர் இருந்தார். அவர் இல்லாமல் போனால் என்ன நட்டம் என்று அமெரிக்க நிதியியல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட இடங்களில் ஊராட்சிக் கடன் பத்திரங்களுக்கான வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை கூடியது. பார்க்கச் சின்ன எண். இருபது முப்பது வருடக் கடனில் அது பெருந்தொகை, கட்டப்போவது வரி செலுத்துகிறவர். பார்க்க ஆளில்லாத வீட்டுக்குக் கடன் கொடுப்பவன் கூடுதல் வட்டி கேட்பான், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் சூது இருக்கிறது என்ற முடிவுக்குப் போய்விடவும் கூடாது. தெரு முழுக்கப் பள்ளம், அதை விட்டுவிட்டு அடுத்த தெருவில் நன்றாக இருக்கும் சாலைக்கு மேல்பூச்சு போடுகிறார்கள் என்ற கோபம் இல்லாத ஊரே கிடையாது. பொறியாளர் தரப்பில் இதற்கு நியாயம் இருக்கிறது. தார்ச்சாலையின் எதிரி வண்டி மட்டும் கிடையாது, விரிசல் வழியாக அடித்தளத்துக்குள் இறங்கும் தண்ணீரும்தான். விரிசல் சிறிதாக இருக்கும்போதே அடைத்தால் சாலை பல வருடம் நிற்கும், செலவும் குறைவு. அடித்தளம் கெட்டபின் தோண்டி எடுத்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை, செலவு பல மடங்கு. மோசமான சாலைகளுக்கே முதலில் பணத்தைக் கொட்டினால், அதற்குள் நடுத்தரமாக இருந்தவை எல்லாம் மோசமாகிவிடும். கணக்கு சரி. பள்ளத்தில் விழுந்து எழுந்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். சொல்லவேண்டியது என்னவோ எளிதுதான்: நகரத்தின் சாலைகளுக்கெல்லாம் 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, எந்தத் தெரு எந்த வருடம் என்ற பட்டியலை வெளியே வைக்க வேண்டும். மதிப்பெண் போடும் முறை பல ஊர்களில் இருக்கிறது. பட்டியல்தான் வெளியே வருவதில்லை.

போட்ட சாலையை மூன்றாம் மாதம் தோண்டுவதற்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது. குழாய்க்காரரின் திட்டமும் சாலைக்காரரின் திட்டமும் வெவ்வேறு மேசைகளில் இருக்கின்றன, நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும் என்று இருவருக்கும் அவசரம். புதுச் சாலைக்குப் பணி ஆணை என்ற செய்தி வரும்போதே, அதன் கீழே இருக்கும் குழாய்க்கு என்ன வயது என்று யாராவது ஒருவர் கேட்டால் பாதித் தோண்டல் நின்றுவிடும்.

வாக்கர்ட்டனுக்குப் பிறகு ஒன்டாரியோ பாதுகாப்பான குடிநீருக்கென்று 2002இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2012 இறுதியில் அமலுக்கு வந்த அதன் ஒரு பிரிவு, குடிநீர் அமைப்பை மேற்பார்வை செய்யும் மன்ற உறுப்பினர்களுக்கும் நேரடிப் பொறுப்பு வைத்தது. தொழில்நுட்பம் தெரியாது என்று ஒதுங்க முடியாது. புரியாவிட்டால் கேட்க வேண்டும், கவனமில்லாமல் இருந்தது நிரூபணமானால் அபராதம், சிறைகூட உண்டு. இப்போது அங்கே ஒரு சாதாரண உறுப்பினர் மேசைக்கு ஆய்வறிக்கை வந்தால், அதிலிருக்கும் குளோரின் எண்களைக் கீழே வரை விரலால் தொட்டுப் படித்தாக வேண்டும்.